நல்ல தோல் ஷூவின் ஹீல்: குறை காண்பதும் பழுது நீக்குவதும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூரைக் கடப்பவர்களில் பலர், பிரியாணிக்காக நிறுத்திய வண்டியை ஷூ கடைக்காக இன்னும் அரைமணி நேரம் நிறுத்தி வைப்பது வழக்கம். ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு ஏதோ ஒரு சிறு குறையால் ஒதுக்கப்பட்ட ஜோடிகளும், ஆர்டர் போக மிஞ்சிய ஜோடிகளும் அங்கே கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்க வந்தவர் தோலை முகர்ந்து பார்க்கிறார், முன்பக்கத்தை மடக்கிப் பார்க்கிறார், கண்ணாடி முன் நான்கு எட்டு நடந்தும் பார்க்கிறார். ஷூவைத் திருப்பிப் பிடித்து ஹீலைப் பார்ப்பதுதான் அரிது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஃபினிஷிங் பிரிவில், கடைசிச் சரிபார்ப்பு மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு ஷூ எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில் முகப்புத் தோலுக்கு உள்ள பங்கைவிட ஹீலுக்கும் அதை நாம் கவனிக்கும் விதத்துக்கும் உள்ள பங்கு பெரிது.

பழைய வடஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மறுபடியும் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன, பேரணாம்பட்டு மட்டும் வேலூரிலேயே நின்றது. தோல் வேலை செய்பவர்களுக்கு இன்றும் இது ஒரே ஊர்தான். ஹீலுக்கு வேண்டிய கனத்த தோல் துண்டு, ரப்பர் தகடு, பித்தளை ஆணி, பசை, கைத்திறன் அனைத்தும் ஒரு பஸ் பயணத் தூரத்தில் கிடைக்கும்போது, ஹீல் தேய்ந்துவிட்டது என்பதற்காக நல்ல ஷூவைத் தூக்கிப் போடுவது வீண் செலவு.

முதலில் ஹீல் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்களுக்கான நல்ல தோல் ஷூவில் ஹீல் என்பது ஒரே கட்டையன்று. 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஆணியடித்த அடுக்கு. மொத்த உயரம் பெரும்பாலும் 25 முதல் 28 மில்லிமீட்டர் வரை இருக்கும். அடுக்கின் கடைசித் துண்டு, அதாவது தரையைத் தொடும் துண்டு, ‘டாப் பீஸ்’ எனப்படும். அடியில் இருப்பதை எதற்கு ‘டாப்’ என்கிறார்கள் என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் அனைவரும் கேட்பார்கள்: ஷூ செய்யும்போது அது தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறது, அப்போது எல்லாவற்றுக்கும் மேலே வருவது அந்தத் துண்டுதான். அடுக்கின் முன்பக்கச் செங்குத்துச் சுவர் ஹீல் பிரெஸ்ட். குதிகாலைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடிப்பதற்காக மேல்தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே செருகப்பட்டிருக்கும் விறைப்பான பகுதி கவுண்டர். இந்த நான்கு பெயர்களும் தெரிந்தால் பழுது பார்ப்பவரிடம் பேசுவதற்குப் போதும்.

இவற்றுள் டாப் பீஸ் மட்டும் தேய்வதற்காகவே வைக்கப்பட்டது. மிதிவண்டியின் பிரேக் கட்டையைப் போல அது தேய்ந்து, கழற்றி, மாற்றப்பட வேண்டிய பொருள். அதற்கு மேலுள்ள தோல் அடுக்கு தேயக்கூடாது. ஹீல் பராமரிப்பின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. டாப் பீஸ் தேய்ந்து 2 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போது மாற்றினால் அரைமணி நேர வேலை. அதைத் தாண்டி அடுக்கு தேயத் தொடங்கிய பிறகு போனால் வேலையும் கூலியும் இரண்டு மூன்று மடங்காகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடையில் மேசைக் கண்ணாடி, கிரானைட் பலகை என்று சமமான பரப்பு ஏதாவது இருக்கும். ஷூ இரண்டையும் அதன்மேல் அருகருகே வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஹீலின் அடிப்பரப்பு முழுவதும் மேசையைத் தொட வேண்டும். விசிட்டிங் கார்டு ஒன்றை ஹீலின் அடியில் செருக முயன்று பார்க்கலாம். பின்விளிம்பில் கார்டு நுழைந்தால் ஹீல் அந்த ஷூவின் வடிவத்துக்குத் தேவையானதைவிட உயரமாக இருக்கிறது, முன்விளிம்பில் நுழைந்தால் தாழ்வாக இருக்கிறது. மேலே ஒரு விரலால் மெல்ல அழுத்தும்போது ஷூ இடவலமாக ஆடினால் ஹீல் கோணலாக அறையப்பட்டிருக்கிறது. கார்டு நுழையும் அளவு சிறியதாக இருந்தால் டாப் பீஸைச் சீவிச் சரிசெய்துகொள்ளலாம். பின்னாலிருந்து பார்க்கையில் ஹீல் ஒருபக்கம் சாய்ந்து, பின்தையல் கோடு செங்குத்தாக இல்லாமல் போயிருந்தால் அந்த ஜோடியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அது ஹீலின் குறையன்று. மேல்தோலைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்துப் பொருத்தியபோதே நேர்ந்த குறை, பழுது பார்ப்பவர் எவராலும் தீர்க்க முடியாது.

அடுத்து, இரண்டு ஹீல்களின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். ஒதுக்கப்பட்ட சரக்கில் வெவ்வேறு ஜோடிகளின் ஒற்றைகள் சேர்ந்து புது ஜோடியாகிவிடுவது உண்டு. உள்ளே அச்சிட்டிருக்கும் அளவும் மாடல் எண்ணும் இரண்டிலும் ஒன்றுதானா என்று படித்துப் பார்த்துவிட்டு, ஹீல்களின் பின்புறத்தை ஒட்டி நிறுத்தினால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு காலுக்குத் தெரியாது. மூன்று மில்லிமீட்டர் இடுப்புக்குத் தெரியும்.

அடுக்கு உண்மையான தோலா என்பதை அறிய, பக்கவாட்டில் தெரியும் கோடுகளை மட்டும் நம்பக்கூடாது. பிளாஸ்டிக் கட்டையின்மேல் தோல் அடுக்குப் போலக் கோடு போட்ட மெல்லிய தாளைச் சுற்றி ஒட்டுவது பழைய வழக்கம். அப்படிப்பட்ட ஹீலில் அந்தத் தாளின் இணைப்பு பெரும்பாலும் ஹீல் பிரெஸ்ட் ஓரத்தில் தெரியும். தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றும் உண்டு: தோல் சீவலைக் கூழாக்கிப் பசையோடு அழுத்திச் செய்த அட்டை. உலர்ந்திருக்கும்வரை அது தோலைப் போலவே உழைக்கும், கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நனைந்தால் ஊதும், ஊதியது காய்ந்தால் பழைய கனத்துக்குத் திரும்பாது. விரல் முட்டியால் ஹீலைத் தட்டிக் கேளுங்கள். இறுகிய தோல் அடுக்கு கல்லைத் தட்டியதுபோல் ஒலிக்கும், உள்ளே குடைவான பிளாஸ்டிக் கட்டை காலி டப்பாவைப் போல் ஒலிக்கும், அடுக்கு விட்டுப்போன ஹீல் ஒலியே எழுப்பாமல் மந்தமாக இருக்கும்.

கடைசியாகக் கையை உள்ளே விட்டுக் குதிகால் பகுதியை நன்றாகத் தடவுங்கள். ஹீலைப் பிடித்திருக்கும் ஆணிகள் பெரும்பாலான ஷூக்களில் உள்ளிருந்து, பாதம் படும் உள்தகடான இன்சோல் வழியாக அடிக்கப்பட்டு, மேலே ஒரு மெல்லிய துண்டால் மூடப்பட்டிருக்கும். ஏதாவது ஓர் ஆணித்தலை விரலுக்குத் தட்டுப்பட்டால் அதை இப்போதே அடித்து இறக்கித் தரச் சொல்லுங்கள். கவுண்டரையும் இரண்டு கட்டை விரல்களால் அழுத்திப் பாருங்கள். இரண்டு ஷூவிலும் ஒரே அளவு விறைப்பு இருக்க வேண்டும்.

டாப் பீஸ் மாற்றுதல்

நடக்கும்போது குதிகாலின் வெளிப்பக்கப் பின்மூலைதான் முதலில் தரையைத் தொடுகிறது. எனவே அந்த மூலை முதலில் தேய்வது இயல்பு. உட்புற மூலை முதலில் தேய்ந்தாலோ, ஒரு காலின் ஹீல் மற்றதைவிட மிக வேகமாகத் தேய்ந்தாலோ ஷூவைப் பழுது பார்ப்பதோடு பாதத்தையும் ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்னும் பின்னும் மிதி உள்ள கியர் பொருத்திய மோட்டார் சைக்கிளில் இடது ஹீலால் மிதித்தே கியர் மாற்றுபவர்களின் இடது ஹீல், முன்விளிம்பில் ஓர் இரும்புத் தழும்போடு இருக்கும். அது நடையின் குறையன்று.

என்ன பொருளில் மாற்றுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முழுத் தோல் டாப் பீஸ் பார்வைக்கு அழகு, ஆனால் வேலூர்ச் சாலையில் நாள்தோறும் நடப்பவருக்குச் சில மாதங்களுக்கு மேல் வராது, ஈரமான மொசைக் தரையில் வழுக்கவும் செய்யும். முழு ரப்பர் நீடித்து உழைக்கும், ஓசை எழுப்பாது. இரண்டுக்கும் இடையில், தோல் துண்டின் பின்மூலையை மட்டும் வெட்டி அங்கே ரப்பரை ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும்படி பொருத்திய வகை இருக்கிறது. பெரும்பாலான நல்ல ஷூக்கள் இதனோடுதான் வருகின்றன, என் விருப்பமும் அதுவே. ரப்பர் ஹீல் என்பதே கல் தரையில் நாள் முழுதும் நிற்பவர்களின் தேவையிலிருந்து வந்த பொருள்; அமெரிக்காவில் 1899-இல் ஹம்ஃப்ரி ஓசல்லிவன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரும்பு லாடம் கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேய்மானத்தை அது தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் கிரானைட் படியிலும் டைல்ஸ் தரையிலும் லாடம் அடித்த ஷூவோடு இறங்குவது ஆபத்து. கட்டாயம் வேண்டுமென்றால் பின்மூலைக்கு மட்டும் பிறை வடிவப் பிளாஸ்டிக் துண்டு அடித்துக்கொள்ளலாம்.

வேலையை நீங்களே செய்வதானாலும், செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதானாலும் வரிசை இதுதான். பழைய டாப் பீஸின் பின்புறத்தில் மழுங்கிய உளியைச் செருகி மெல்ல நெம்ப வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் அடுக்கின் அடுத்த துண்டும் சேர்ந்து பெயர்ந்து வரும். மிஞ்சி நிற்கும் ஆணிகளைக் குறட்டால் பிடுங்கி, பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, அரத்தால் அந்தப் பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். புது ரப்பரின் ஒட்டும் பக்கத்தையும் அப்படியே சொரசொரப்பாக்க வேண்டும், ஏனென்றால் அச்சிலிருந்து வரும் ரப்பரின் மேல்படலம் மழமழப்பாக இருக்கும், அதில் பசை நிற்காது. தொழிலில் சொல்யூஷன் என்று பொதுவாக அழைக்கப்படும் நியோபிரீன் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, 10 முதல் 15 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். விரலை வைத்தால் ஒட்டாமல், ஆனால் இழுபடுவதுபோல் இருக்கும் கட்டம்தான் சரியான பதம். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டி அடித்துக் கையில் கொடுத்துவிடுவதுதான் ஹீல் பழுதுகளில் நான் மிகுதியாகக் கண்ட தவறு; உள்ளே அடைபட்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல், அந்த ஒட்டு ஒரு வாரத்தில் விடும்.

பதம் வந்ததும் துண்டை ஓரத்திலிருந்து அல்லாமல் நடுவிலிருந்து அழுத்தி ஒட்டி, ஷூவைக் கவிழ்த்து, பாத வடிவ இரும்புத் தாங்கியான இரும்புக் காலில் மாட்டி, சுத்தியலால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அடித்துக்கொண்டே வர வேண்டும். பிறகு விளிம்பிலிருந்து 6 அல்லது 7 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஐந்து முதல் ஏழு ஆணிகள். டாப் பீஸின் கனம் 6 மில்லிமீட்டர் என்றால் 13 மில்லிமீட்டர் ஆணி போதும். கையில் கிடைத்த ஓர் அங்குல ஆணியை அடித்தால் அது அடுக்கைத் துளைத்துக்கொண்டு இன்சோலுக்கு வந்துவிடும். பித்தளை ஆணி கிடைத்தால் அதையே கேளுங்கள். பட்டையால் பதனிட்ட தோலில் உள்ள டானினோடு இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கருநீலக் கறை படியும், அந்த இடத்தில் தோல் நாளடைவில் நொறுங்கும். ஆவாரம்பட்டைத் தொட்டியில் இரும்பு வாளியை விடாத பழைய பழக்கத்துக்கும் காரணம் இதுதான்.

மிஞ்சிய ஓரத்தைக் கத்தியால் சீவி, 80, 120, 240 எண் உப்புத்தாள்களை இந்த வரிசையில் தேய்த்து, ஓர மை தடவி, அது காய்ந்தபின் மெழுகு பூசித் துணியால் தேய்த்தால் புது ஹீல் எது, பழைய ஹீல் எது என்று தெரியாது. தேயாத காலின் டாப் பீஸையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு ஹீலும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும்.

இங்கே என் அனுபவம் ஒன்று. வேலூரில் ஒரு கடையில் நல்ல ஜோடி ஒன்றை டாப் பீஸ் மாற்றக் கொடுத்துவிட்டு, வேறு வேலையாகச் சென்றுவிட்டேன். ‘நீடித்து உழைக்கட்டும்’ என்ற நல்லெண்ணத்தில் 6 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் ரப்பரை அடித்துத் தந்துவிட்டார்கள். அன்று மாலையே கால்விரல்கள் முன்னால் தள்ளப்பட்டு நெரிந்தன. ஷூவை மேசையில் வைத்தால் ஹீலின் முன்விளிம்பு மட்டும் தரையைத் தொட்டது, பின்னால் ஓர் ஐந்து ரூபாய்க் காசு நுழையும் இடைவெளி இருந்தது. ஷூவின் முழு வளைவும் ஒரு குறிப்பிட்ட ஹீல் உயரத்துக்காக அச்சிலேயே தீர்மானிக்கப்படுகிறது. அதை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஷூ புதிதாக இருக்கும்போதே ஹீல் உயரத்தை அளந்து வைத்து, பழுதுக்குக் கொடுக்கும்போது அதை ஹீலின் பின்புறத்தில் சாக்பீஸால் எழுதிக் கொடுப்பது இப்போது என் வழக்கம்.

அடுக்கு வரை தேய்ந்துவிட்டால்

தேய்மானம் டாப் பீஸைத் தாண்டிப் பின்மூலையில் தோல் அடுக்கைத் தின்றிருந்தால், தேயாத பக்கத்தையும் அரைத்துச் சமமாக்கிவிட்டு மேலே தடித்த ரப்பரை ஒட்டுவது சோம்பேறி வேலை. செய்ய வேண்டியது, தேய்ந்த சரிவுக்கு ஏற்ப ஒரு தோல் துண்டை ஆப்பு வடிவில், ஒரு பக்கம் முழுக் கனமும் மறுபக்கம் தாள் கனமுமாகச் சீவி, பசையிட்டு, நாலைந்து சிறு ஆணியடித்து, அடுக்கைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு டாப் பீஸ் வைப்பது. ஆப்புக்குத் தோலே வேண்டும். ரப்பர் ஆப்பு மிதிக்கும்போது அமுங்கும், அதன்மேல் இருக்கும் டாப் பீஸ் அந்த மூலையில் மறுபடியும் விட்டுப்போகும்.

அடுக்குகளுக்கு இடையே பிளவு கண்டால் அது எவ்வளவு ஆழம் என்று முதலில் பாருங்கள். பழைய பஸ் நிலையத்தின் பக்கம் உட்கார்ந்து வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம், மழைக்காலம் முடிந்த சமயத்தில் அப்படி ஒரு ஜோடியைக் கொண்டுபோனேன். அவர் ஷூவைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார், பிளவில் கத்தி நுனியை விட்டுத் திருப்பினார், பழுப்பு நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள் கொட்டியது.

“தம்பி, இது தோலு இல்ல, அட்டை. நனைஞ்ச ஷூவ வெயில்ல வெச்சிட்ட போலருக்கு.”

“மொட்டை மாடியில வெச்சேன் பெரியவரே.”

“அதான் வாய் பொளந்துகினு கீது. பசை வுட்டா நிக்காது, கழட்டிட்டுத் தோலு வெக்கலாம்.”

அவர் சொன்னது சரி. உண்மையான தோல் அடுக்கு விட்டிருந்தால், அதைப் பாதி திறந்த நிலையில் வைத்துப் பசையைப் பிதுக்கி உள்ளே விடுவதும் பயன்தராது, ஏனென்றால் உள்ளே சாலைத் தூசி படிந்திருக்கும். விட்ட இடத்தில் முழுமையாகப் பிரித்து, இரண்டு பரப்பையும் அரத்தால் உராய்ந்து, பசை பதம் வந்ததும் இணைத்து, கவ்வி இருந்தால் இறுக்கி ஒரு நாள் முழுதும் விட வேண்டும். அட்டை அடுக்கு ஊதியிருந்தாலோ உதிர்ந்தாலோ அந்தத் துண்டுகளை எறிந்துவிட்டுத் தோல் துண்டுகளால் புதிதாக அடுக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம். இந்த ஊர்களில் தோல் துண்டு தட்டுப்பாடான பொருளன்று. குடைவான பிளாஸ்டிக் கட்டை வெடித்திருந்தாலும் தீர்வு இதுவே.

ஹீல் முழுவதும் ஆடினால் குறை அடுக்கில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் ஆணியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய துண்டை ஓரத்திலிருந்து உரித்து எடுத்தால் ஆணித்தலைகள் தெரியும். தளர்ந்த ஆணியை அதே துளையில் மறுபடி அடிப்பது ஒரு மாதத் தீர்வு. துளையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து நிரப்பிவிட்டு, அதற்குப் பக்கத்தில் புது ஆணி அடிக்க வேண்டும். தண்டில் வளையம் வளையமாக வரி உள்ள ஆணி இதற்கு மிகப் பொருத்தம். ஹீல் ஆடும் ஷூவை ‘இன்று ஒரு நாள்’ என்று போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆடும் ஒவ்வொரு அடியிலும் துளை பெரிதாகி, இன்சோல் கிழியும்.

உள்ளே ஆணி முனை தட்டுப்படுவது எல்லோருக்கும் தொல்லை, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. பாத உணர்ச்சி மங்கியவருக்கு ஆணி குத்துவது தெரியாது, மாலையில் சாக்ஸில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஹீல் மாற்றி வாங்கிய ஷூவில் முதல் சில வாரங்கள் நாள்தோறும் காலையில் கையை விட்டுத் தடவிப் பார்த்தபின் அணிவது அவர்களுக்குக் கட்டாயம். குத்தும் முனையைத் துணி அல்லது அட்டை வைத்து மறைப்பது தீர்வாகாது. ஆணியைப் பிடுங்கிக் குட்டையான ஆணி அடிக்க வேண்டும்.

கவுண்டரும் லைனிங்கும்

ஷூவை வீட்டு வாசலில், கோயிலில், நண்பர் வீட்டில், சில அலுவலகங்களில்கூடக் கழற்றி மாட்டும் ஊர் நம்முடையது. லேஸை அவிழ்க்காமல் குதிகாலால் பின்பக்கத்தை மிதித்து உள்ளே நுழைப்பதும், ஒரு காலால் மற்றதன் ஹீலை அழுத்திக் கழற்றுவதும் நம் கைவந்த கலை. கவுண்டர் உடைவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை. மடங்கிய கவுண்டர் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் வகையாக இருந்தால், ஹேர் டிரையரின் சூட்டை ஓரளவு தள்ளியிருந்து காட்டி, உள்ளே ஷூ டிரீ (ஷூவின் வடிவம் குலையாமல் உள்ளே வைக்கும் கட்டை) அல்லது ஒரு மரத் துண்டை அழுத்தி, ஆறும்வரை வெளிப்புறத்தைக் கையால் அணைத்துப் பிடித்தால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். மேல்தோல் பூச்சு சூட்டில் கெடும் என்பதால் ஒரே இடத்தில் சூடு காட்டக்கூடாது. தோல் அல்லது அட்டைக் கவுண்டர் முறிந்துவிட்டால் பின்தையலைப் பிரித்து மாற்றுவதுதான் வழி. அது தெருவோரத்தில் செய்யும் வேலையன்று, ஷூ தைத்துப் பழகியவர்கள் செய்வது. விலை உயர்ந்த ஜோடி என்றால் மட்டும் அதற்கு முனையுங்கள், மற்றபடி அந்த ஷூவின் ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்னூறு ரூபாய்க் கைக்கடிகாரத்துக்கு நாம் தரும் கவனத்தில் பாதியைக் கால் ஷூவுக்குத் தந்து, குதிகாலை எளிதாக உள்ளே நுழைக்க உதவும் ஷூ ஹார்ன் ஒன்றைக் கதவருகே மாட்டி வைத்தால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

குதிகால் பக்க லைனிங் கிழிவது, ஷூ அரை அளவு பெரிதாக இருப்பதையோ லேஸ் தளர்வாகக் கட்டப்படுவதையோ காட்டுகிறது. 0.8 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய ஆட்டுத் தோலை அரைவட்டமாக வெட்டி, ஓரங்களைச் சீவி, பசையிட்டு ஒட்டினால் போதும். சீவாத ஓரம் காலில் கொப்புளம் போடும்.

பரணில் வைத்த கல்யாண ஷூ

திருமணத்துக்கு வாங்கி, ஒரே நாள் போட்டு, பெட்டியோடு பரணில் ஏற்றிவைத்த ஷூவைப் பல ஆண்டுகள் கழித்துத் தம்பி கல்யாணத்துக்கு எடுக்கிறார் ஒருவர். மேல்தோல் புதிதுபோல் மின்னுகிறது. மண்டப வாசலில் இறங்கியதும் ஹீல் காய்ந்த அதிரசம்போல் பொடிந்து, நடந்த வழியெல்லாம் கருந்துண்டுகளாக உதிர்கிறது. அந்த சோல் பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரப்பதமே அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்லத் துண்டிக்கிறது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் இது நடக்கும், வெப்பம் அதை வேகப்படுத்தும், ஓட்டுக்கூரைக்குக் கீழே உள்ள பரண் அதற்கு ஏற்ற இடம். உதிரத் தொடங்கிய பாலியூரித்தேனில் பசையோ ஆணியோ நிற்காது. ஹீலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். முழு சோலையும் எடுத்துவிட்டு வேறு ரப்பர் அல்லது தோல் சோல் போட முடியுமா என்று கேளுங்கள். வாங்கும்போதே எடை மிகக் குறைவாகவும், நகத்தால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கியும் இருக்கும் சோல் இந்த வகை என்று சந்தேகிக்கலாம். அதைத் தினமும் போட்டு உழைத்துத் தீர்ப்பது நல்லது, சேமித்து வைப்பது வீண்.

தோல் ஹீலுக்கு நம் வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டு பக்கத்து எதிரிகள். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, ஹீல் தரையைத் தொடாதபடி பக்கவாட்டில் சாய்த்து, மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள்; மே மாதத்து வேலூரில் மூடிய காருக்குள் ஷூவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மாதம் ஒருமுறை அடுக்கின் பக்கங்களில் சிறிது மெழுகுப் பாலிஷ் தேய்ப்பது வெடிப்பைத் தடுக்கும். ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் அணியாமல் இருந்தால் இரண்டு ஜோடிகளும் சேர்ந்து மூன்று ஜோடியின் காலம் வரும் என்று தொழிலில் சொல்வார்கள், என் கணக்கிலும் அது பொய்யாகவில்லை.

பழுது பார்த்த ஷூவைத் திரும்ப வாங்கும்போது, காசு கொடுப்பதற்கு முன் மூன்றைச் செய்யுங்கள். கடைப் பலகையின் மீது வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். சாக்பீஸால் எழுதிய உயரத்தோடு அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பசை முழுமையாக இறுகுவதற்காக அன்று அதை அணியாமல் பையில் போட்டுக்கொண்டு, வந்த செருப்போடு வீட்டுக்குப் போங்கள்.